சர்க்கரை வியாதியும் தலைவிதியும்

(நகர வாசகசாலையின் மாதக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற பஞ்சாலைத் தொழிலாளித் தோழர் ஒருவர் பேசியதன் சாரம்.)



இன்று இங்கு என்னைப் பேசும்படி நண்பர்கள் கேட்டபோது, "நான் டாக்டர் அல்லவே, வைத்தியப் புத்தகம் படித்தவனும் அல்லவே, எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?" என்று கேட்டேன். அதற்கு அவர்கள், "வியாதி உமக்கு வந்ததா, டாக்டருக்கு வந்ததா?" என்று திருப்பிக் கேட்டார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆகவே வந்து நிற்கிறேன். ஆனால் ஒன்று சொல்லி விடுகிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக நீங்கள் எதையும் நம்பிவிட வேண்டியதில்லை. உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். உங்கள் சொந்தப் புத்தியால் யோசியுங்கள். சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள்.

சில வருஷங்களுக்கு முன் எனக்குக் காலும் முகமும் வீங்கின. சிறுநீர் சோப்பு நுரை போலப் போயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீரகத்திலிருந்து ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பார்த்து, இரத்தத்தில் இருக்க வேண்டிய புரதச் சத்து சிறுநீர் வழியாக ஒழுகிப் போகிற வியாதி என்றார்கள். பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை நாள் ஒன்றுக்கு 60 மில்லிகிராம் கொடுத்தார்கள். சில வாரங்களில் வீக்கம் வடிந்தது. அந்த மருந்து இல்லாவிட்டால் நான் இன்று உங்கள் முன் நின்று பேசிக் கொண்டிருப்பேனா என்பது சந்தேகம். இதை முதலிலேயே சொல்லி விடுகிறேன். ஏனென்றால், இனி நான் அதன் கெடுதலையும் சொல்லப் போகிறேன். அதைக் கேட்டுவிட்டு யாராவது வீட்டுக்குப் போய் மாத்திரையைச் சாக்கடையில் கொட்டிவிட்டால் அந்தப் பாவம் என்னைச் சேரும்.

மூன்றாவது வாரத்தில் எனக்குத் தாகம் பிடித்துக் கொண்டது. பகலெல்லாம் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தேன். அதே கணக்கில் வெளிக்குப் போனேன். கண் மங்கிற்று. சர்க்கரை வியாதியாக இருக்குமோ என்று காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்துப் பார்த்தேன். 96 என்று வந்தது. "எனக்குச் சர்க்கரை இல்லை" என்று தெருவெல்லாம் பெருமையடித்துக் கொண்டேன். இன்னும் இரண்டு வாரம் கழிந்தது. காலேஜில் படிக்கும் என் பேத்தி ஒரு நாள், "தாத்தா, நீங்கள் காலையில் தண்ணீர் கேட்பதில்லை, மத்தியானத்துக்கு மேல்தான் கேட்கிறீர்கள். மத்தியானத்துக்கு மேல் ஏன் சோதித்துப் பார்க்கக் கூடாது?" என்று கேட்டாள். மாலை 4 மணிக்குப் பார்த்தோம். 342!

தோழர்களே, அந்தப் பெண் எந்த வைத்திய சாஸ்திரத்தையும் படித்தவளல்ல. கண்ணால் கண்டாள், ஏன் என்று கேட்டாள், அவ்வளவுதான். நானோ, எல்லோரும் காலையில்தான் பார்க்கிறார்கள் என்பதற்காக நானும் காலையில் பார்த்தேன். எத்தனையோ வழக்கங்களை "முன்னோர் செய்தார்கள் என்பதற்காகச் செய்யாதே" என்று மேடையில் பேசிய நான், என் சொந்த இரத்தப் பரிசோதனையில் வழக்கத்துக்கு அடிமையாக இருந்திருக்கிறேன்!

நிற்க. செய்தி தெரிந்தவுடன் தெருவில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "சாமியைப் பழித்தவன், அனுபவிக்கிறான்" என்றார்கள். சிலர், "முன் ஜென்மத்து வினை" என்றார்கள். நான் அவர்களைக் கேட்டேன்: "தினம் மூன்று வேளை கோவிலைச் சுற்றுகிற மேலத்தெரு மிராசுதாருக்கும் சர்க்கரை இருக்கிறதே, அவர் யாரைப் பழித்தார்?" என்று. பதிலில்லை. 2023-ல் வெளியான ஆராய்ச்சிக் கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதிக்காரர்கள். இத்தனை கோடிப் பேரும் ஒரே மாதிரி வினை செய்தார்களா? தலைவிதி என்று சொல்லிவிட்டால் யோசிக்கிற வேலை மிச்சம் என்பதைத் தவிர அதில் வேறு லாபம் என்ன இருக்கிறது?

என் வியாதிக்குக் காரணம் தலையில் எழுதப்படவில்லை. மருந்துச் சீட்டில் எழுதப்பட்டிருந்தது. அது எப்படி என்று பார்ப்போம்.

நம் ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலையிலும் அட்ரினல் என்று ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. அது கார்ட்டிசால் என்ற சரக்கைச் சுரக்கிறது. இதுவும் ஒரு ஸ்டீராய்டுதான். அதிகாலையில் அதிகமாகவும் இரவில் குறைவாகவும் சுரக்கும். ஒரு நாளைக்குச் சுரப்பது ஏறத்தாழ 5 மில்லிகிராம் பிரட்னிசோலோனுக்குச் சமம் என்கிறார்கள். நான் தின்றதோ 60. அதாவது இயற்கை கொடுப்பதைப் போலப் பன்னிரண்டு பங்கு!

இது உடம்பில் என்ன செய்கிறது? கல்லீரலைக் குதிர் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஸ்டீராய்டு அந்தக் குதிரைத் திறந்து சர்க்கரையை இரத்தத்தில் கொட்டச் செய்கிறது. தசையும் கொழுப்பும் அந்தச் சர்க்கரையை வாங்கிக் கொள்ள வேண்டியவை. இன்சுலின் வந்து கதவைத் தட்டினால் திறக்க வேண்டும். ஸ்டீராய்டு அந்தக் கதவை இறுக்கி விடுகிறது. போதாக்குறைக்கு, இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் கையையும் தளர்த்துகிறது. வரவு கூடி, செலவு குறைந்தால் இரத்தத்தில் சர்க்கரை தேங்காமல் என்ன செய்யும்? இதில் சாமிக்கும் பூதத்துக்கும் என்ன வேலை?

எல்லோருக்கும் இப்படி வருமா என்றால், வராது. வயதானவர்கள், உடல் பருத்தவர்கள், தாய் தகப்பனுக்குச் சர்க்கரை இருந்தவர்கள் ஆகியவர்களுக்கு அதிகம் வரும். மருந்தின் அளவும் நாளும் கூடக் கூட ஆபத்தும் கூடும். முன்பே சர்க்கரை உள்ளவர்களுக்கு அது தாறுமாறாக ஏறும். மூட்டில் போடுகிற ஸ்டீராய்டு ஊசி கூடச் சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றலாம். ஆஸ்துமாக்காரர்கள் உறிஞ்சுகிற மருந்தில் அளவு மிகக் கொஞ்சமாதலால், அதற்குப் பயந்து அதை நிறுத்துவது புத்தியல்ல.

இன்னொரு விஷயம். காலையில் பிரட்னிசோலோன் சாப்பிட்டால் அதன் வேகம் மத்தியானத்திலும் மாலையிலும் தெரியும். இரவில் தணிந்து விடும். ஆதலால்தான் காலையில் வெறும் வயிற்றில் பார்த்தபோது 96 வந்து என்னை ஏமாற்றிற்று. ஸ்டீராய்டு தின்கிறவர்கள் பகல் சாப்பாட்டுக்குப் பின்னும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் பார்க்க வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற பரிசோதனையும், மருந்து ஆரம்பித்த முதல் வாரங்களில் உண்மையைச் சொல்லாது. டெக்ஸாமெதசோன் போன்ற மருந்துகளோ ஒரு நாளுக்கு மேலும் வேலை செய்வதால் காலையிலும் சர்க்கரையை ஏற்றி வைக்கும்.

இந்த மருந்தின் சரித்திரத்தையும் கொஞ்சம் தெரிந்து கொள்ளுங்கள். 1948-ல் அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்தில், முடக்குவாதத்தால் எழுந்திருக்க முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு ஹென்ச் என்ற டாக்டர் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அவள் எழுந்து நடந்தாள். 1950-ல் ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டீன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இப்படிப்பட்ட காரியம் நம் நாட்டில் ஒரு மடத்தில் நடந்திருந்தால் அங்கே கோபுரம் எழும்பியிருக்கும்! விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள்? கொண்டாடியதோடு நிற்காமல், இந்த மருந்து யாருக்கு என்ன கெடுதல் செய்கிறது என்றும் பார்த்தார்கள். முகம் உருள்வது, எலும்பு மெலிவது, சர்க்கரை ஏறுவது எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். தன் குற்றத்தைத் தானே தேடிக் கண்டுபிடித்து ஊருக்குச் சொல்லுவதுதான் விஞ்ஞானம்.

அறிவோடு உபயோகித்தால் என்ன, அறிவில்லாமல் உபயோகித்தால் என்ன என்பதை நாம் கண்ணாலேயே பார்த்தோம். 2020 ஜூனில் இங்கிலாந்தில் நடந்த பெரிய பரிசோதனையில், கொரோனாவால் மூச்சுக்குத் திணறி இயந்திரத்தில் வைக்கப்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன் 10 நாள் வரை கொடுத்ததில் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று கண்டார்கள். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலனில்லை என்றும் அதே பரிசோதனை சொல்லிற்று. நம்மவர்கள் முதல் பாதியைக் கேட்டார்கள். இரண்டாம் பாதியைக் கேட்கவில்லை. 2021-ல் சாதாரண ஜுரத்துக்கும் கடையில் வாங்கி விழுங்கினார்கள். சிலருக்கு வேண்டிய அளவுக்கு மேல் கொடுக்கவும் பட்டது. சர்க்கரை ஏறிய உடம்பில் கருப்புப் பூஞ்சை புகுந்தது. இந்தியாவில் 40,000 பேருக்கு மேல் அந்த வியாதி கண்டது. அனேகர் கண்ணை இழந்தார்கள். அனேகர் உயிரையே இழந்தார்கள். ஒரே மருந்து, ஒரு கையில் உயிர் கொடுத்தது. மற்றொரு கையில் கண்ணைப் பிடுங்கிற்று. ஆகவே மருந்தைக் கும்பிடவும் வேண்டாம். மருந்தைத் திட்டவும் வேண்டாம். அளவும் காரணமும் கேளுங்கள்.

இனி என் அக்காள் கதையைச் சொல்லுகிறேன். அவளுக்கு மூட்டு வலி. சந்தையில் ஒருவன் "சுத்த மூலிகை" என்று பொட்டலம் விற்றான். இரண்டே நாளில் வலி பறந்தது. தெய்வ மருந்து என்று ஊரே வாங்கிற்று. ஒரு வருஷத்தில் அக்காளுக்கு முகம் நிலா மாதிரி உருண்டது, தோல் மெலிந்து, லேசாக இடித்தாலும் நீலம் பாய்ந்தது, சர்க்கரையும் வந்தது. திடீரென்று ஒரு மாதம் அந்த வியாபாரி வரவில்லை; பொடியும் தீர்ந்தது. நாலைந்து நாளில் அக்காள் வாந்தியெடுத்து, எழுந்தால் மயங்கி விழுந்து, படுத்த படுக்கையானாள். பிள்ளைகள் மந்திரவாதியைக் கூட்டி வந்து கயிறு கட்டினார்கள். அதில் இரண்டு நாள் போயிற்று. செய்தி கேட்டு நான் ஓடிப்போய் அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றபோது அவளுக்கு நாடியே சரியாக இல்லை. அங்கிருந்த டாக்டரம்மாள் முகத்தையும் தோலையும் பார்த்தார். என்ன மருந்து சாப்பிட்டாள் என்று கேட்டார். இரத்தத்தில் சுரப்பின் அளவையும் பார்த்துவிட்டு, பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்றார். உப்பு நீரும் ஸ்டீராய்டு ஊசியும் போட்டார்கள். மறுநாள் அக்காள் கண் விழித்துக் காப்பி கேட்டாள்.

ஏன் இப்படி ஆயிற்று? வெளியிலிருந்து ஸ்டீராய்டு பல வாரம் வந்து கொண்டிருந்தால், "நமக்கு வேலையில்லை" என்று அட்ரினல் சுரப்பி தூங்கிவிடும். திடீரென்று வெளி வரவை நிறுத்தினால், அது உடனே விழித்துக் கொள்ளாது. இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து வரும். ஆகவே மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள், சர்க்கரை வந்துவிட்டதே என்று பயந்து தாங்களாகவே நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்லுகிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "நான் ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன், அளவு இவ்வளவு" என்று ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக் கொள்ள வேண்டும்.

அக்காள் பிழைத்தாள். பெருமை யாருக்குப் போயிற்று தெரியுமா? மந்திரித்த கயிற்றுக்கு! அந்த டாக்டரம்மாளுக்கு ஒரு எலுமிச்சம்பழம் கொடுக்கக் கூட யாருக்கும் தோன்றவில்லை. பொடிக்காரன் இப்பொழுது வேறு சந்தையில் விற்றுக் கொண்டிருப்பான். பெயர் சொல்லாத மருந்தை, பில் இல்லாத மருந்தை, இரண்டு நாளில் எல்லா வலியும் போகும் என்கிற மருந்தைக் கண்டால் "இதில் என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். சொல்ல மறுத்தால் காசைக் கொடுக்காதீர்கள்.

என் கதைக்கு வருகிறேன். எனக்குக் காலையில் இன்சுலின் ஊசி போடச் சொன்னார்கள். மத்தியானம் ஏறுகிற சர்க்கரைக்குக் காலையில் போடுகிற ஊசி பொருந்தும் என்பது கணக்கு. "இன்சுலின் போட ஆரம்பித்தால் கடைசிக் காலம்" என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். 1921-ல் கனடாவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைக் கண்டுபிடித்தார்கள். 1922 ஜனவரியில் சாகக் கிடந்த 14 வயதுப் பையனுக்கு முதன் முதலில் போட்டார்கள், அவன் பிழைத்தான். அது சாகிறவனைப் பிழைக்க வைக்க வந்த மருந்து. கடைசிக் காலத்தில் கொண்டு போய்ப் போட்டுவிட்டு, அதனால்தான் கடைசிக் காலம் வந்தது என்றால் அது யார் குற்றம்?

ஆனால் நானும் ஒரு தப்புச் செய்தேன். வீக்கம் வடிந்த பின் ஸ்டீராய்டை 60-லிருந்து 40 ஆக்கி, பிறகு 20 ஆக்கினார்கள். ஸ்டீராய்டு குறைந்தால் சர்க்கரையும் குறையும். ஆதலால் இன்சுலினையும் டாக்டரைக் கேட்டுக் குறைக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு டாக்டர்கள் கொடுத்தது. ஒருவர் குறைத்ததை நான் மற்றவரிடம் சொல்லவில்லை. அப்பொழுது எங்கள் தெருவில் மாரியம்மன் திருவிழா. மாலையில் பம்பை உடுக்கை முழங்கிக் கொண்டிருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்திருந்த எனக்கு வேர்த்துக் கொட்டிற்று, கை கால் நடுங்கிற்று, என்னவோ உளறினேன். அவ்வளவுதான்! "சாமியைப் பழித்தவன் மேலேயே சாமி வந்துவிட்டது" என்று கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் கற்பூரம் கொண்டு வந்தார். ஒருவர் வேப்பிலை கொண்டு வந்தார். ஒரு அம்மாள் வாக்குக் கேட்கவே ஆரம்பித்து விட்டாள்! என் பேத்தி கூட்டத்தை விலக்கிக் கொண்டு வந்து விரலில் குத்திப் பார்த்தாள். 52. மூன்று சிறு கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் 84 ஆயிற்று. சாமி மலையேறி விட்டது!

சிரிக்கிறீர்கள். ஆனால் வீட்டில் பேத்தி இல்லாதிருந்தால், அவர்கள் கற்பூரம் காட்டிக் கொண்டிருக்கும்போதே நான் நினைவிழந்து போயிருப்பேன். 70-க்குக் கீழே போனால் ஆபத்து. வேர்வை, நடுக்கம், படபடப்பு, உளறல் கண்டால் உடனே சர்க்கரை, கால் மணி கழித்து மறுபடி பரிசோதனை, பிறகு சாப்பாடு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும். இன்சுலின் போட்டுக் கொண்டு விரதம் இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதையும் இதிலிருந்தே தெரிந்து கொள்ளுங்கள்.

அன்று முதல் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தேன். நாள், மணி, ஸ்டீராய்டு அளவு, இன்சுலின் அளவு, சர்க்கரை அளவு இவைகளை எழுதி, இரண்டு டாக்டரிடமும் அதையே காட்டுகிறேன். ஜாதகக் கட்டத்தைப் பத்திரமாக வைத்திருக்கிற வீடுகளில் இந்தக் கட்டத்தை வைத்திருந்தால் எத்தனை உயிர் மிஞ்சும்!

சாப்பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. ஸ்டீராய்டு பேய்ப்பசியைக் கொடுக்கும். அந்தப் பசிக்குச் சோற்றைக் கொட்டினால் தீர்ந்தது. சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டினேன்; சர்க்கரைக் காப்பியையும் பழரசத்தையும் விட்டேன். கேழ்வரகுக் களியானால் எவ்வளவும் தின்னலாம் என்பது மூடநம்பிக்கை; களியும் மாவுதான், அளவு வேண்டும். பாகற்காயைக் கறியாகச் சாப்பிடுங்கள். மருந்துக்குப் பதிலாகச் சாப்பிடாதீர்கள். பகல் சாப்பாட்டுக்குப் பின் சிறிது நட என்றார்கள், நடக்கிறேன். கால் புண்ணைத் தினம் பார்க்கிறேன். ஏனென்றால் ஸ்டீராய்டும் சர்க்கரையும் சேர்ந்தால் புண் ஆறாது, சீழ் பிடித்தாலும் சீக்கிரம் வெளியில் தெரியாது. கண்ணையும் வருஷம் ஒரு முறை காட்டுகிறேன்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. எனக்குச் சர்க்கரை என்றதும் என் மனைவி எனக்குத் தனியாகச் சமைத்தாள். என் அக்காளுக்குச் சர்க்கரை வந்தபோது அவளுக்கு யார் தனியாகச் சமைத்தார்கள்? எல்லோரும் தின்று மிஞ்சிய சோற்றைத்தான் அவள் தின்றாள். பரிசோதனைக்கும், "எனக்கென்ன, பிறகு பார்க்கலாம்" என்றே சொல்லி வந்தாள். அப்படிச் சொல்ல அவளைப் பழக்கியது நாம்தான். ஆண்பிள்ளையின் இரத்தத்துக்கு ஒரு நியாயம், பெண்ணின் இரத்தத்துக்கு ஒரு நியாயமா? 2021 ஆகஸ்டில் நம் அரசாங்கம் வீடு தேடி வந்து சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து கொடுக்கிற திட்டத்தை ஆரம்பித்தது. வீடு தேடி வந்தாலும், வீட்டுக்குள் இருக்கிற பெண்ணை முன்னே வரவிடாவிட்டால் என்ன பிரயோஜனம்?

இன்று நான் 5 மில்லிகிராமுக்கு வந்திருக்கிறேன். இன்சுலின் நின்றது, ஒரு சிறு மாத்திரை மட்டும் இருக்கிறது. ஸ்டீராய்டு நின்றால் சிலருக்குச் சர்க்கரை அடியோடு போய்விடும், சிலருக்குத் தங்கிவிடும். போனாலும் வருஷந்தோறும் பரிசோதிக்க வேண்டும். எனக்கு எப்படி ஆகுமோ, நோட்டுப் புத்தகம் சொல்லும். ஜோசியன் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே தோழர்களே, டாக்டரிடம் போனால் கைகட்டி நிற்காதீர்கள், மரியாதையாகக் கேளுங்கள். "இது ஸ்டீராய்டா? எத்தனை நாள்? எப்படிக் குறைப்பது? சர்க்கரையை எந்த நேரத்தில் பார்ப்பது? இதற்குப் பதிலாகவோ, இதைக் குறைக்கவோ வேறு மருந்து உண்டா?" இந்த ஐந்து கேள்விகளும் போதும். நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். கேள்வி கேட்காமல் நான் ஐந்து வாரம் கஷ்டப்பட்டேன். கேள்வி கேட்காமல் என் அக்காள் சாவின் வாசலுக்குப் போய் வந்தாள். நீங்களாவது கேளுங்கள்.